நாணயமும் நம்பகமும்: வித்தைக் காசின் தெரிவும் யாழ்ப்பாண நாணய வரலாறும்

தமிழிலே 'நாணயம்' என்னுஞ் சொல் இருபொருள் தருவது. கையிலே புழங்கும் காசையும் அது குறிக்கும். மனிதனின் நேர்மையையும் அது குறிக்கும். 'அவர் நாணயமானவர்' என்று யாழ்ப்பாணத்து வணிகர் ஒருவரைப்பற்றிக் கூறும்போது, அவரது பெட்டியிலுள்ள பணத்தை எவரும் கருதுவதில்லை. அவர் சொன்ன சொல் மாறாதவர் என்பதே பொருள். பயனற்றுப் போன மனிதனைச் 'செல்லாக்காசு' என்கிறோம். காசு பற்றிய சொற்கள் ஒழுக்கம் பற்றிய சொற்களாகவும் நிற்பது தற்செயலன்று. ஒரு சமூகத்திலே பரிமாற்றம் நிகழ்வதற்கு நம்பிக்கை அடிப்படையாக வேண்டும். அந்நம்பிக்கை உலோகத்தில் வைக்கப்படுகிறதா, முத்திரையில் வைக்கப்படுகிறதா, அதனைத் தரும் மனிதனில் வைக்கப்படுகிறதா என்பது காலத்துக்குக் காலம் வேறுபடும்.

இந்நம்பிக்கையைத் தொழிற்கருவியாகக் கொண்டவர்களுள் வித்தைக்காரரும் ஒருவர். பார்வையாளருக்கு மிக அருகே அமர்ந்து, மேசைமீதோ உள்ளங்கையிலோ காசை மறைத்தும் பெருக்கியும் மாற்றியும் காட்டும் கலையிலே, கைத்திறனுக்குத் துணையாக உள்ளமைப்பு மாற்றப்பட்ட காசுகளும் பயன்படுகின்றன. இவற்றை இக்கட்டுரையில் 'வித்தைக் காசு' எனக் குறிப்போம். வித்தைக் காசை எவ்வாறு தெரிவது என்னும் வினா மேலோட்டமாக நோக்குவார்க்கு விளையாட்டு வினாவாகத் தோன்றலாம். ஆயின் அதற்கு விடை காண முற்படும்போது, யாழ்ப்பாணக் குடாநாட்டின் நாணய வரலாற்றையும், அங்கு நிலவிய நம்பிக்கைகளின் சமூக அடிப்படையையும் ஒருங்கே நோக்கவேண்டியவர்களாகின்றோம். அதற்கான சிறு முயற்சியே இது.

1. கலையும் அதன் கருவியும்

கையடக்க வித்தைகளுக்குத் தமிழில் வழங்கும் பழம்பெயர் 'செப்பிடு வித்தை' அல்லது 'செப்படி வித்தை' என்பதாகும். செப்பு என்பது சிறு சிமிழ். கவிழ்த்த சிமிழ்களுக்கு அடியில் உருண்டைகளை மறைத்தும் தோற்றுவித்தும் காட்டுவதால் இப்பெயர் உண்டாயிற்று. கண்கட்டு வித்தை, இந்திரசாலம் என்பன இதனோடொத்த ஏனைய வழக்குகள். 'கண்கட்டு' என்னும் தொடரிலே கலையின் இயல்பு நன்கு பொதிந்துள்ளது. பார்வையாளரின் கண்ணை உண்மையில் எவரும் கட்டுவதில்லை. அவரது கவனமே கட்டப்படுகிறது.

வித்தைக் காசு பற்றிய பழைய அச்சுச் சான்றுகளுள் முதன்மையானது, இங்கிலாந்தில் கென்ற் பகுதியைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்கொட் 1584 இல் வெளியிட்ட சூனியம் பற்றிய நூலாகும். காசொன்றின் ஒரு பக்கத்தைத் தேய்த்து மெலிதாக்கி, அவ்வாறே தேய்த்த வேறொரு வில்லையுடன் ஒட்டி, திருப்புந்தோறும் வேறொன்றாகக் காட்டும் முறையை அவர் அந்நூலில் விளக்கியுள்ளார். வித்தை கற்பிப்பது அவரது நோக்கமன்று. ஐரோப்பாவெங்கும் சூனியக்காரிகள் எனக் குற்றஞ் சாட்டப்பட்டு ஏழைப் பெண்கள் கொல்லப்பட்டுவந்த காலம் அது. மனித விரல்கள் செய்யக்கூடியதைப் பேயின் செயலெனக் கொண்டு உயிரைப் பறிப்பது அறியாமை என்பதை நிறுவுவதற்காகவே அவர் காசின் இரகசியத்தை வெளியிட்டார். வித்தைக் காசின் அச்சு வரலாறு மூடநம்பிக்கை எதிர்ப்பின் வரலாற்றோடு இவ்வாறு பிணைந்தே தொடங்குகிறது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இன்று வழக்கிலுள்ள வித்தைக் காசுகளை அமைப்பு நோக்கி ஐந்து வகைப்படுத்தலாம். முதலாவது, ஓட்டுக் காசு. ஒரு காசின் முகப்பையும் விளிம்பையும் மட்டும் விட்டு உட்புறத்தைக் குடைந்தெடுத்த ஓடு இது. இதனை இன்னொரு காசின்மீது கவிழ்த்தால் இரண்டும் ஒன்றாய்த் தோன்றும். பிரித்தால் ஒன்று இரண்டாகும். இரண்டாவது, இருமுகக் காசு. ஒரு புறம் செம்பு நாணயமாகவும் மறுபுறம் வெண்ணிற நாணயமாகவும் அமைந்தது. இருபுறமும் தலையே உடைய காசும் இவ்வகையினதே. மூன்றாவது, மடிப்புக் காசு. பல துண்டுகளாக வெட்டி, விளிம்பைச் சுற்றிய மீள்சக்தி வளையத்தினால் பிணைக்கப்பட்டது. போத்தலின் ஒடுங்கிய வாய்க்குள் மடிந்து புகுந்து, உள்ளே விரியும். நான்காவது, காந்தக் காசு. இரும்புத் தகடோ காந்தத் துண்டோ உள்ளே பொதியப்பட்டது. ஐந்தாவது, அடுக்குக் காசு. பல காசுகளின் அடுக்குப்போல வெளியே தோன்றி உள்ளே வெறுமையாயிருப்பது.

இவை யாவும் நுண்ணிய உலோக வேலையை வேண்டி நிற்பன. ஓட்டுக் காசின் சுவர் தடித்தால் அது பொருந்தாது, மெலிந்தால் நெளிந்துவிடும். கடைசற்பொறி செய்யும் இவ்வேலை, அடிப்படையில் பொற்கொல்லரும் கன்னாரும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த நுண்தொழிலின் இனத்தைச் சேர்ந்ததாகும்.

2. தெரிவின் விதிகள்

வித்தைக் காசைத் தெரியும்போது கொள்ளவேண்டிய முதல் விதி, அது பார்வையாளரின் மடியிலும் சட்டைப் பையிலும் உள்ள காசாக இருத்தல் வேண்டும் என்பதே. மேலைநாட்டு நூல்கள் பெரும்பாலும் அமெரிக்க அரை டொலரையோ பழைய பிரித்தானியப் பென்னியையோ மனங்கொண்டு எழுதப்பட்டவை. இரண்டும் 30 மி.மீ. அளவைத் தாண்டிய அகன்ற காசுகள். உள்ளங்கையில் இலகுவிற் பற்றத்தக்கவை. பென்னி 1971 இல் பிரித்தானியா தசம முறைக்கு மாறியபோது புழக்கத்தை இழந்தது. எனினும் வித்தைக்காரர் கையில் அது இன்றும் வாழ்கிறது. ஆனால் சாவகச்சேரிச் சந்தையிலே ஒருவர் அரை டொலரை எடுத்து நீட்டினால், வித்தை தொடங்குமுன்னரே பார்வையாளரின் ஐயம் தொடங்கிவிடும். அறியாத காசு எதுவும் செய்யக்கூடும் என்று அவர் எண்ணுவார். அறிந்த காசு செய்யும்போதுதான் வியப்பு உண்டாகும்.

இரண்டாம் விதி, தேய்மானம் பற்றியது. புத்தம் புதிதாய் மின்னும் காசு கண்ணை ஈர்க்கும். துணையாகப் பயன்படும் இயல்பான காசுகளும் வித்தைக் காசும் ஒரே அளவு தேய்ந்து, ஒரே நிறம் மங்கியிருத்தல் வேண்டும். மூன்றாம் விதி, ஒலி பற்றியது. குடைந்த காசு மேசையில் விழும்போது தட்டையான ஒலியெழுப்பும். எனவே ஒலியை மறைக்கும் மென்துணியோ, காசைப் போடாது வைக்கும் பழக்கமோ வேண்டும். நான்காம் விதி, விளிம்பு பற்றியது. வரிவிளிம்பு உடைய காசிலே ஓட்டின் பொருத்துக் கோடு மறையும். மழுங்கல் விளிம்பிலே அது வெளிப்படும். ஐந்தாம் விதி யாவற்றிலும் முக்கியமானது. வித்தை முடிந்தபின் பார்வையாளர் கையில் எதைக் கொடுப்பது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு காசைத் தெரிதல் வேண்டும். வித்தைக் காசை மட்டும் வைத்திருப்பவர் பரிசோதனையை அஞ்சுவார். அதனோடு தோற்றத்தில் ஒத்த இயல்பான காசையும் வைத்திருந்து, உரிய கணத்தில் மாற்றும் கைத்திறனும் உடையவரே பரிசோதனையை வரவேற்பார். தொடங்குவோர் பல கருவிகளை வாங்கிக் குவிப்பதினும், நல்ல ஓட்டுக் காசொன்றையும் அதற்கிணையான நான்கு இயல்பான காசுகளையும் கொண்டு கையைப் பயிற்றுவது மேல் என்பது இதனாலேயே. கருவி கைத்திறனுக்கு மாற்றன்று. கைத்திறன் எட்டாத இடத்தில் நிற்கும் துணை மட்டுமே.

இவ்வைந்து விதிகளும் பொருளியல் நிலைமையினைச் சார்ந்தவை என்பது வெளிப்படை. மக்கள் எக்காசை அறிவர், அது எவ்வுலோகத்தாலானது, எவ்வளவு காலம் புழங்கிற்று என்பனவற்றை வித்தைக்காரர் தீர்மானிப்பதில்லை. ஆட்சியும் வணிகமும் தீர்மானிக்கின்றன.

3. குடாநாட்டு நாணயங்கள்: வித்தைக்காரர் நோக்கில்

யாழ்ப்பாணக் குடாநாடு தொன்றுதொட்டே பல நாட்டு நாணயங்கள் சந்தித்த இடமாகும். கந்தரோடையிலே போல் ஈ. பீரிஸ் 1917 முதலாக நடத்திய ஆய்வுகளும், 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழுவினர் மேற்கொண்ட அகழ்வும் அவ்விடத்தின் தொன்மையை வெளிப்படுத்தின. முத்திரை குத்தப்பட்ட நாணயங்களும் உரோம நாணயங்களும் அப்பகுதியிற் கிடைத்துள்ளன. உரோமச் செப்புக் காசுகளைப் பின்பற்றி உள்ளூரில் வார்க்கப்பட்ட போலிகளும் இலங்கையிற் புழங்கின. இப்போலிகளை ஏமாற்றுக் காசுகள் என்று கருதுவது பொருந்தாது. சில்லறைத் தட்டுப்பாட்டை நிரப்புவதற்கு வணிகச் சமூகம் தானே ஆக்கிக்கொண்டவையாக அவற்றைக் கொள்வதே பொருத்தம். போலி என்பது எப்பொழுதும் மோசடியன்று. அதனை ஏற்போர் அறிந்தே ஏற்கின்றனரா என்பதே வேறுபாட்டை உண்டாக்குகிறது. இவ்வேறுபாடு பின்னர் நமக்குப் பயன்படும்.

நாணயம் பல்வகைப்பட்டிருந்த சமூகத்தில் அதனைச் சோதிப்போர் தேவைப்பட்டனர். அர்த்தசாத்திரம் நாணயப் பரிசோதகரையும் கள்ள நாணயஞ் செய்வோரையும் ஒருங்கே பேசுகிறது. தமிழிலே இப்பரிசோதகருக்கு 'வண்ணக்கன்' என்று பெயர். சங்கப் புலவர் சிலரின் பெயர்களுடன் இச்சொல் இணைந்து வருவதை அறிவோம். மட்டக்களப்புக் கோயில்களில் நிருவாகப் பொறுப்புடையோரை 'வண்ணக்கர்' என்று அழைக்கும் வழக்கு இன்றும் உண்டு. காசின் மாற்றைச் சோதித்தவனின் பெயர் கோயிற் பொருளைக் காப்பவனின் பெயராகியிருப்பது, 'நாணயம்' என்ற சொல் பெற்ற பொருள் விரிவுக்கு இணையான இன்னொரு சான்றாகும்.

ஆரியச் சக்கரவர்த்திகளின் ஆட்சியில் இடபச் சின்னமும் 'சேது' என்னும் தமிழெழுத்தும் பொறித்த செப்புக் காசுகள் வெளியிடப்பட்டன. 1924 இல் வெளியான தமது நாணயவியல் நூலில் கொட்றிங்டன் இவற்றை யாழ்ப்பாண மன்னர்க்கு உரியனவாகக் கொண்டார். பின்வந்த ஆய்வாளர்கள் இதனை மேலும் தெளிவுபடுத்தினர். தடித்தும் சிறுத்தும் வடிவம் முற்றும் ஒழுங்குபடாதும் அமைந்த இக்காசுகளிலே ஒன்றோடொன்று முழுமையாக ஒத்த இரண்டைக் காண்பது அரிது. ஓட்டுக் காசு போன்ற கருவி இத்தகைய நாணயத்தைக் கொண்டு உருவாக இயலாது. ஒரே அச்சில், ஒரே எடையில், பல்லாயிரக்கணக்காக நாணயம் வெளிவரும் பொறி யுகத்திலேயே, 'இதுவும் அதுவும் ஒன்றே' என்று பார்வையாளர் எண்ணுதல் கூடும். நவீன வித்தைக் காசு இவ்வகையில் கைத்தொழிற் புரட்சியின் பிள்ளை எனலாம்.

1619 இல் போர்த்துக்கேயரும் 1658 இல் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். ஒல்லாந்தரின் சிறு செப்புக்காசின் பெயரே நமது 'துட்டு' என்னுஞ் சொல்லுக்கு மூலமெனக் கூறுவர். செப்பு நாணயத் தட்டுப்பாடு முற்றிய நிலையில், 1785 இல் செப்புக் கட்டிகளை வெட்டி முத்திரையிட்டு 4¾ ஸ்ரூவர் பெறுமதியில் அவர்கள் வெளியிட்டனர். கட்டியை உள்ளங்கையில் ஒளிக்க எவ்வித்தைக்காரராலும் இயலாது என்பது ஒருபுறமிருக்க, உலோகத்தின் எடையே பெறுமதியாக நின்ற காலத்தின் அடையாளமாக அது விளங்குகிறது.

1795 இல் யாழ்ப்பாணம் பிரித்தானியர் வசமாயிற்று. 'இறைசால்' என்று தமிழில் வழங்கிய றிக்ஸ்டொலர் முறை 1825 இல் ஸ்ரேளிங் கணக்குக்கு இடங்கொடுத்தது. 1872 இல் ரூபாவும் சதமுமாகிய தசம முறை நடைமுறைக்கு வந்தது. 1870 ஆம் ஆண்டிட்ட செப்புச் சதங்களில் ஒரு புறம் விக்ரோறியா அரசியின் தலையும், மறுபுறம் ஒரு மரமும் அதன் இருமருங்கும் சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதியும் பொறிக்கப்பட்டன. பொறியச்சில் உருவான, ஒன்றையொன்று முற்றும் ஒத்த, தமிழிலே வாசிக்கத்தக்க நாணயம் குடாநாட்டுக் கமக்காரனின் மடிக்கு வந்தது இக்காலத்திலேயே. 1909 இல் வந்த சதுரமான ஐந்து சதம், பின்னர் வந்த நெளிவிளிம்புடைய பத்துச் சதம் என்பன காட்சிக்கு இனியவை. ஆனால் வித்தைக்கு ஏலாதவை. சுழற்றினாலும் விரலிடையில் உருட்டினாலும் அவற்றின் மூலைகள் கையைக் காட்டிக்கொடுக்கும். வட்டமான சதமும், இருபத்தைந்து, ஐம்பது சதங்களும், ரூபாவுமே வித்தைக்கு உகந்தவையாயின. 1984 இல் வந்த, ஏறத்தாழ 28 மி.மீ. அளவான இரண்டு ரூபா நாணயம் அகலத்தால் இவற்றினும் சிறந்தது.

4. அலுமினியச் சதமும் திருநீறும்

1963 இல் இலங்கையின் நாணயங்களிலிருந்து அரசியின் தலை நீங்கி, அரச இலச்சினை இடம்பெற்றது. அதே தொடரில் ஒரு சதமும் இரண்டு சதமும் அலுமினியத்தால் ஆக்கப்பட்டன. அயலிலே இந்தியாவும் அறுபதுகளில் சிறு பைசாக்களை அலுமினியத்துக்கு மாற்றிற்று. செம்பின் விலை ஏற்றமும் வறிய நாடுகளின் அந்நியச் செலாவணி நெருக்கடியும் இம்மாற்றத்தின் பின்னணியில் நின்றன. அரசுகள் சிக்கனத்துக்காகச் செய்த இம்மாற்றம், அவர்கள் எண்ணியிராத ஒரு துறையில் விளைவை உண்டாக்கிற்று.

அலுமினியத்தின் மேற்பரப்பிலே கண்ணுக்குப் புலப்படாத ஒட்சைட்டுப் படலம் ஒன்று எப்பொழுதும் உண்டு. அதுவே உலோகத்தை அரிக்காது காக்கிறது. சித்த வைத்தியத்தில் 'வீரம்' என வழங்கும் இரசக் குளோரைட்டு அதன்மீது பட்டால் அப்படலம் குலைகிறது. பின்னர் உலோகம் ஈரத்தோடும் காற்றோடும் விரைந்து தாக்கமுற்று, வெப்பத்தை வெளிவிட்டு, சாம்பல் நிறப் பொடியாக உதிர்கிறது. இந்திய உபகண்டத்துத் தெருச் சாமியார்கள் சிலர் இதனை அறிந்திருந்தனர். பக்தனின் உள்ளங்கையில் ஓர் அலுமினியக் காசை வைத்து, முன்னரே மருந்து தடவிய விரலால் அதைத் தேய்த்து, கையை மூடச் சொல்வர். சில கணங்களில் கை சுடும். திறந்தால் திருநீறு இருக்கும். கோயம்புத்தூரையடுத்த போத்தனூரில் இருந்து இந்தியாவெங்கும் கிராமந்தோறும் சென்று அற்புதங்களின் பின்னணியை விளக்கிய பி. பிரேமானந்த் (1930-2009) மக்கள்முன் செய்துகாட்டியவற்றுள் இதுவும் ஒன்று. இவ்விரச உப்பு தோலினூடாகவும் உடலுட் செல்லும் கொடிய நஞ்சு என்பதையும் இங்கு குறிப்பிடுதல் வேண்டும். அருளெனக் கருதி அப்பொடியை நெற்றியிலும் நாவிலும் இட்டவர்கள் தமக்குத் தாமே நஞ்சூட்டிக்கொண்டனர்.

செப்புக் காசு இவ்வாறு நீறாவதில்லை. அதன்மேல் இரச உப்புக் கரைசல் பட்டால் வெள்ளிபோல மின்னும். செம்பு வெள்ளியாயிற்று என்று காட்டி, இரசவாதம் அறிந்தவரென ஏமாற்றுவோர் பயன்படுத்திய பழைய உத்தி அது. செம்பு இருந்த காலத்தில் இரசவாதி தோன்றினான். அலுமினியம் வந்தபோது திருநீற்றுச் சாமியார் தோன்றினார். அற்புதங்கள் காலங்கடந்தவை என்று கூறப்படுகிறது. ஆயின் அரசாங்க நாணயச்சாலை உலோகத்தை மாற்றுந்தோறும் அற்புதமும் மாறுவதை நாம் காண்கிறோம். சிந்தனை வடிவங்கள் பொருளியல் நிலைமைகளைச் சார்ந்தே உருவெடுக்கின்றன என்ற கூற்றுக்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு அரிது.

5. கோவூரும் ஒரு லட்சம் ரூபாவும்

இத்தகைய மோசடிகளை இலங்கையிலே விடாப்பிடியாக எதிர்த்தவர் ஆபிரகாம் ரி. கோவூர் (1898-1978). கேரளத்துத் திருவல்லாவிற் கிறிஸ்தவ மதகுருவின் மகனாகப் பிறந்த அவர், 1928 இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்து, அங்கே பல்லாண்டு பணியாற்றினார். பின்னர் தென்னிலங்கைக் கல்லூரிகளிலும் கற்பித்து, 1959 இல் கொழும்பில் ஓய்வுபெற்றார். ஓய்வுக்குப் பின் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராகச் செயற்பட்டார். அவரது ஆய்வுக் குறிப்புகளிலிருந்து எழுந்த மலையாளத் திரைப்படமான 'புனர்ஜன்மம்' 1972 இலும், அதன் தமிழ் வடிவமான 'மறுபிறவி' 1973 இலும் வெளிவந்தன.

1963 இல் அவர் விடுத்த அறைகூவல் பரவலாக அறியப்பட்டது. மோசடிக்கு இடமற்ற நிலையில் தமது அற்புத ஆற்றலை எவரேனும் நிறுவினால் இலங்கைப் பணம் ஒரு லட்சம் ரூபா வழங்குவதாக அறிவித்தார். அவர் வகுத்த 23 செயல்களின் பட்டியலில் முதலிரண்டும் பணத்தாள் பற்றியவை என்பது நமது பொருளுக்கு மிக நெருங்கியது. மூடி முத்திரையிட்ட உறையினுள் இருக்கும் பணத்தாளின் தொடரிலக்கத்தை வாசித்தல் முதலாவது. பணத்தாளொன்றை எவ்வித வேறுபாடுமின்றி அவ்வாறே தோற்றுவித்தல் இரண்டாவது. திடப்பொருளொன்றை மனவலிமையால் அசைத்தல் அல்லது வளைத்தலும் அப்பட்டியலில் இடம்பெற்றது. ஒரே தொடரிலக்கத்தில் இரண்டு தாள்கள் இருத்தல் கூடாது. எனவே வெறுங்கையில் காசு வரவழைப்பவர் தாளொன்றின் இரட்டையை வரவழைத்துக் காட்டட்டும் என்பது அவரது தர்க்கம். வித்தைக்காரர் இன்னொரு காசை எடுத்துக் காட்டலாம்; அதே தாளை மீண்டும் உண்டாக்குதல் இயலாது. அப்பரிசை எவரும் பெறாமலே கோவூர் 1978 இல் காலமானார்.

கோவூரின் முயற்சி தனித்து நின்றதன்று. உடலியற் பேராசிரியர் கார்லோ பொன்சேகா தீமிதிப்பை ஆராய்ந்து 1971 இல் மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையும் இதே காலத்து விஞ்ஞான நோக்கின் வெளிப்பாடாகும்.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தமட்டில் இப்பிரச்சினை வெறுமனே அறிவுலக வாதமன்று. வீட்டில் நோயும் கடனும் சேர்ந்து வருத்தும்போது, வளவின் மூலையில் செய்வினை புதைக்கப்பட்டிருப்பதாகக் கூறுவோர் வருகின்றனர். தோண்டும்போது செப்புத் தகடும் பழங்காசும் வெளிப்படுகின்றன. அவை எங்கிருந்து வந்தன என்பதற்கு விடை, நாம் இதுவரை கூறிய உள்ளங்கை மறைப்பிலே உள்ளது. மண் அள்ளும் கை வெறுங்கையன்று. இதற்குக் கூலியாகச் செல்வது பெரும்பாலும் அடகு வைத்த நகையின் பணமே. வைத்தியரிடம் செல்லவேண்டிய நோயாளி தாமதிப்பதும், அயலவர்மீது ஐயமும் பகையும் மூள்வதும் இதன் மேலதிக விளைவுகள். மேடையிலே ஒரு நாழிகை மகிழ்ச்சிக்குரிய அதே கைத்திறன், வளவு மூலையிலே ஒரு குடும்பத்தைக் குலைக்கும் ஆயுதமாகிறது.

6. அம்பலப்படுத்தலின் இரு வழிகள்

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். வித்தையால் மூடநம்பிக்கையை எதிர்ப்பதெல்லாம் முற்போக்கானது என்று கொள்ளலாகாது. நவீன வித்தைக் கலையின் தந்தையெனப் போற்றப்படும் பிரான்சின் றொபேர் ஊடின் 1856 இல் தமது அரசினால் அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கு மக்களைக் கிளர்ச்சிக்குத் தூண்டியோரின் செல்வாக்கைக் குறைப்பதே நோக்கம். அடியில் இரும்பு பொருத்திய சிறு பெட்டியை மேடையின் கீழிருந்த மின்காந்தத்தால் பற்றிப்பிடித்து, வலிமைமிக்க அல்ஜீரியரும் அதனைத் தூக்க இயலாமற் செய்தார். பிரெஞ்சுக்காரர் நினைத்தால் உமது வலிமை போய்விடும் என்பதே அவ்வித்தையின் செய்தி. ஒரு மாயையை உடைத்து, அவ்விடத்தில் ஏகாதிபத்தியத்தின் மாயையை வைத்தார் அவர். காந்தம் பற்றி அம்மக்களுக்கு எதுவும் கற்பிக்கப்படவில்லை.

ஸ்கொட்டும் கோவூரும் பிரேமானந்தும் சென்ற வழி இதற்கு நேரெதிரானது. அவர்கள் காசை மக்கள் கையில் கொடுத்தனர்; முறையை விளக்கினர்; நீங்களே செய்து பாருங்கள் என்றனர். வித்தைக்காரரின் அறிவு அதிகாரத்தின் பக்கம் நிற்கிறதா, பார்வையாளரின் பக்கம் நிற்கிறதா என்பதே இரு வழிகளுக்குமுள்ள வேறுபாடு.

சட்டமும் ஏறத்தாழ இக்கோட்டிலேயே நிற்கிறது. 1883 இல் இயற்றப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை, நாணயம் பற்றிய குற்றங்களைத் தனி அத்தியாயத்தில் வகுக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழிவந்த அக்கோவையில், ஏமாற்றும் நோக்கமே குற்றத்தின் உயிர்நிலையாக விளங்குகிறது. வித்தைக் காசை மேசையில் காட்டுபவர் வித்தைக்காரர். அதனையே கடையிற் கொடுத்து அரிசி வாங்குபவர் கள்ளர்.

7. உருக்கும் பொன்னும்

காசு தேயத் தேய அதன் பெயர்ப் பெறுமதியும் உலோகப் பெறுமதியும் பிரிந்து, ஈற்றில் காசு தனக்குத் தானே அடையாளமாகி நிற்கும் என்பதை மார்க்ஸ் தமது 'மூலதன'த்தில் விளக்கியுள்ளார். இலங்கையின் அண்மைக்கால நாணயங்கள் இதனை மெய்ப்பிக்கின்றன. 2005 முதல் செம்பும் பித்தளையும் நிக்கலும் பூசிய உருக்கு நாணயங்கள் வந்தன. 2017 இல் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ரூபாக்கள் துருவேறா உருக்கில் வெளியாயின. பழைய செப்புநிக்கல் ரூபா காந்தத்திற்கு அசையாது. எனவே முன்னைய வித்தைக்காரர் அதனைக் குடைந்து இரும்பு பொதியவேண்டியிருந்தது. இன்றோ உருக்குத் தகட்டின்மேல் பூச்சிட்ட சாதாரண நாணயமே காந்தத்தாற் கவரப்படுகிறது. பார்வையாளரிடமிருந்து கடன்வாங்கிய காசே காந்தக் காசாகிவிட்டது. எனவே இன்று தெரிவு செய்வோர், கையிலுள்ள நாணயம் எவ்வாண்டினது, காந்தம் அதனை இழுக்கிறதா என்பதை முதலிற் சோதித்தல் வேண்டும். இருவகைக் காசுகளையும் கலந்து பயன்படுத்தினால் வித்தை நடுவிலே நின்றுவிடும்.

மற்றுமொரு மாற்றமும் உண்டு. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. அத்தகைய விலைவாசியிலே ஒரு ரூபாவை எவரும் கூர்ந்து நோக்குவதில்லை. கூர்ந்து நோக்கப்படாத காசு வித்தைக்கு ஏதுவானது போலத் தோன்றும். உண்மையோ மறுதலை. பெறுமதி இழந்த காசு மறைந்தால் எவரும் பதறுவதில்லை. பதற்றமில்லாத இடத்தில் வியப்புமில்லை. இன்று வித்தைக்காரர் பத்து ரூபா, இருபது ரூபா நாணயங்களையே நாடவேண்டியிருப்பது இதனாலேயே.

உலோகத்தின் மீது நம்பிக்கை இவ்வாறு குன்றினாலும், குடாநாட்டின் பண்பாட்டிலே பொன் தன் இடத்தை இழக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடியிலே பவுண் காசுகள் கோக்கப்படுகின்றன. சித்திரைப் புத்தாண்டில் கைவிசேடமாகக் காசு கொடுக்கப்படுகிறது. திருமணத்திற்கு முன் நிகழும் பொன்னுருக்கலிலே, தாலிக்குரிய பொன் காசு இரு வீட்டாரும் கூடியிருக்க, அவர்கள் கண்முன்னே உருக்கப்படுகிறது. இன்று இதனை நாம் மங்கலச் சடங்காக மட்டுமே காண்கிறோம். ஆயின் அதன் உள்ளடக்கம் ஒரு பரிசோதனையாகும். காசின் முகத்தை நம்பாது, அதன் உள்ளத்தை நெருப்பில் இட்டு, சாட்சிகள் முன்னிலையில் அறிதலே அது. ஓட்டுக் காசும் இருமுகக் காசும் அந்நெருப்பில் ஒரு கணமும் நில்லா. நம்பிக்கைமிக்க சமூகம் என்று நாம் கருதும் இச்சமூகம், தனக்கு மிக முக்கியமான கொடுக்கல் வாங்கலிலே கண்ணால் கண்டு சோதித்த பின்னரே நம்பும் வழக்கத்தைச் சடங்காகவே பேணியுள்ளது என்பது சிந்திக்கத்தக்கது.

முடிவுரை

வித்தைக் காசின் தெரிவு, அதனைக் காண்போரின் அன்றாட வாழ்வினாலேயே தீர்மானிக்கப்படுகிறது எனக் கண்டோம். செம்பிலிருந்து அலுமினியத்துக்கும், அங்கிருந்து உருக்குக்கும் நாணயம் மாறியபோதெல்லாம் வித்தையும் மாறிற்று, அற்புதமும் மாறிற்று. வித்தைக் காசு பொய்யானது. ஆயினும் தான் பொய் என்பதை அறிவித்தே அது மேசைக்கு வருகிறது. அவ்வகையில் அது நாணயமான பொய். அருளென்றும் ஆற்றலென்றும் கூறி வரும் காசு அவ்வாறு அறிவிப்பதில்லை. அது உலோகத்தால் மெய்யாயிருப்பினும் நாணயமற்றது.

இரண்டையும் பிரித்தறிய நமக்கு நுண்கருவி எதுவும் வேண்டியதில்லை. 'அக்காசை ஒருமுறை என் கையில் தருக. பார்த்துவிட்டுத் தருகிறேன்' என்று கேட்டாற் போதும். வித்தைக்காரர் புன்னகையோடு, மாற்றிவைத்த காசையேனும் தந்துவிடுவார். மற்றவர் அக்கேள்வியையே பாவமென்பார். கேட்கும் பழக்கத்தை வகுப்பறையிலும் வீட்டு முற்றத்திலும் வளர்ப்பது, பழைய வண்ணக்கரின் தொழிலை ஒவ்வொருவரும் ஏற்பதாகும்.